இடக்கைப் பிடி

தம்பி,

நீ மணியத்திடம் சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. காய்கறி லோரியை ரோட்டில் நிறுத்திவிட்டு அவன் நம் வாசலுக்கு வந்தான். நின்றபடியே தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெஜிஸ்தர் ஆபீசுல கையெழுத்துப் போட்டாப் போதுமாம் மாமா. கோயிலு, பந்தி ஒண்ணும் வேணாமாம்" என்றான். உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே, "எம்புள்ள கல்யாணத்துக்கு எல போடாம வேற யாரு கல்யாணத்துக்குடா போடச் சொல்ற?" என்று அவன்மேல் பாய்ந்தாள். பாவம், சேதி கொண்டுவந்தவன் என்ன செய்வான். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டான். ஈப்போவுக்குத் திரும்பும்போது என் பதிலை வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். அதுதான் இது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். சொந்தமாக ஒன்றும் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இதை வேறு யார் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நம் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் கண்ணால் பார்த்த கதைதான்.

பந்தி ஏன் வேண்டாம் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கும் தெரியும். கோலா தெர்லாவில் கோஸ் மூட்டை ஏற்றும்போது லோரியின் பின்பலகை விழுந்து உன் வலது கையில் மூன்று விரல்கள் போயின. மோதிர விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள் அம்மா உன் முன்னால் தட்டை வைத்தாள். நீ இடது கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "சாப்புடுய்யா" என்றாள். "பீச்சாங்கையாலயா திங்கச் சொல்ற?" என்று கேட்டாய். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் தாங்கியிருப்போம். நீ மெதுவாகக் கேட்டாய். அவள் ஊட்டிவிட்டாள், இரண்டு வாய் வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாய். அதன் பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாய். கோயிலுக்கு வருவதை நிறுத்தினாய், பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டினால் எந்தக் கையை நீட்டுவது என்று. பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்கு வரவில்லை. லயத்தில் எந்த வீட்டில் பாயசம் கொதித்தாலும் முதல் ஆளாக நிற்கிற பிள்ளை நீ.

அந்தச் சமயத்தில்தான் நம் பழைய லயத்துக்குக் கூரை மாற்றுகிறோம் என்று சொல்லி, தேயிலைத் தோட்டத்தில் நம்மைக் கீழ் லயத்துக் கடைசி வீட்டுக்கு மாற்றினார்கள். சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்தோம். நீ உன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, புது வீட்டிலும் எந்தச் சுவர் பின்கட்டில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தாய். இந்த வீடு மாறிய கதையை மனதில் வைத்துக்கொள், காரணம் இருக்கிறது.

பாய் கடைப் பிடி விஷயத்துக்கு வருகிறேன். கம்போங் ராஜாவில் ரொட்டிக்கல்லுக்குப் பின்னால் பாய் ஓர் அறை வைத்திருந்தார் அல்லவா? அதில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி, கோலாலம்பூரில் அவர் மச்சான் விளையாடித் தீர்த்துக் கொடுத்த ஒரு டிவி கேம் பெட்டி, இரண்டு பிடி. பிடி என்றால் கையகலக் கறுப்புப் பெட்டி, நடுவில் ஒரு குச்சி, இடது மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான். இடது கையால் பெட்டியைப் பிடித்து, வலது கையால் குச்சியை ஆட்ட வேண்டும். எல்லாப் பிடியும் அப்படித்தான் செய்கிறார்கள். அடிபடுவதற்கு முன்னால், லோரி இறங்கியதும் நீ வீட்டுக்கு வராமல் நேரே அங்கே போய்விடுவாய். முதல் பிடியை என்னிடம் கொண்டுவந்ததும் நீதான். "அப்பா, குச்சிய மேல தள்னா போவ மாட்டேங்குது. பாய் தூக்கிப் போடப் போறாரு. நீங்க பாருங்களேன்" என்றாய். ஃபேக்டரியில் உருளைகளுக்கு எண்ணெய் போடுகிறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நான் சொன்னேன். ஆனால் கை அதற்குள் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தது.

உள்ளே ஒன்றுமே இல்லை, தம்பி. ஒரு பச்சைப் பலகை, அதன்மேல் பொரி அளவில் குவிந்த தகடுகள், குச்சிக்கு நாலு பக்கமும் ஒவ்வொன்று. குச்சியைச் சாய்த்தால் அந்தப் பக்கத்துத் தகடு அமுங்கி டொக் என்று கீழே தொடும். தொட்டால் டிவியில் அந்தப் பக்கம் போகும். நம் ஊர் ஈரத்தில் தகடுக்கு அடியில் களிம்பு பிடித்திருந்தது. களிம்பு என்றால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். உன் அம்மா குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி புளியைக் கரைத்துத் தேய்த்தேன். தங்கம் மாதிரி ஆயிற்று. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரமே தகடு முழுக்கப் பச்சை பூத்துவிட்டது. பாய் கடை வாசலிலேயே நின்று, நாலு பேர் கேட்க, "என்னாண்ணே, பிடிய ரிப்பேரு பண்ணச் சொன்னா ரசம் வச்சுக் குடுத்திருக்கீங்க? கொத்தமல்லி மட்டுந்தான் கொறையுது லா!" என்றார். அப்புறம்தான் உன் தங்கச்சியின் அழிரப்பரை வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். அந்தப் பளபளப்பு நிலைத்தது. (அந்த அழிரப்பரை அப்பா இன்னும் திருப்பித் தரவில்லை. இது தங்கச்சி எழுதுவது.)

தகடுகளைத் தேய்க்க வேண்டுமென்றால் ஒயர்களைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது எது எங்கே என்று தெரிய வேண்டும். எழுதி வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. நம் பழைய வீட்டு வாசலில் நின்று ஒயர்களைப் பார்த்தேன், ஞாபகத்துக்கு வழி கிடைத்தது. எதிரே மேட்டில் வெள்ளை அடித்த ஃபேக்டரி, அதனால் வெள்ளை ஒயர் மேலே. பின்னால் நீலத் தண்ணீர்த் தொட்டி, நீலம் கீழே. இடப்பக்கம் தேயிலைச் சரிவு, பச்சை. வலப்பக்கம் மண் ரோடு, காப்பி நிறம். பொத்தானுக்குப் போகிற ஒயர் எப்போதும் ஒரே இடம், அதில் குழப்பமில்லை. ஒவ்வொரு தடவையும் வாசலில் உட்கார்ந்துதான் மாட்டுவேன். ஃபேக்டரி, தொட்டி, சரிவு, ரோடு. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

கீழ் லயத்துக்கு வந்த பிறகு பாய் ஒரு பிடி கொடுத்தனுப்பினார். வழக்கம்போல் வாசலில் உட்கார்ந்து, தேய்த்து, சுற்றிலும் பார்த்து மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் ஃபேக்டரி வாசலுக்கே பாய் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். "அண்ணே, எந்த ஊரு ரிப்பேரு இது? மேல தள்னா வலப்பக்கம் ஓடுது. எடப்பக்கம் தள்னா மேல ஏறுது. பசங்க தலைய சாச்சு சாச்சு வெளாண்டு கழுத்து சுளுக்கிக்கிட்டானுங்க லா!" எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். திறந்து பார்த்தால் என் கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தது. வாசலைப் பார்த்தேன். எதிரே மண் ரோடு. இடப்பக்கம் ஃபேக்டரி. அப்போதுதான் உறைத்தது. பழைய வீட்டு வாசலும் புது வீட்டு வாசலும் ஒரே பக்கம் பார்க்கவில்லை. வீடு கால்வட்டம் திரும்பியிருக்கிறது, அதோடு என் ஒயர்களும் திரும்பிவிட்டன. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நல்லவேள, நீங்க ஒயர்மேன் வேலைக்குப் போவல. சுவிச்சைத் தட்டினா பக்கத்து வீட்டுல லைட்டு எரியும்" என்றாள்.

நீ பின்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பிடியை எடுத்தாய். எத்தனையோ நாளாக நீயாக வந்து ஒரு பொருளைத் தொட்டதில்லை. மடியில் வைத்து இடது கையால் மெல்லத் திருப்பினாய். இடது மூலையில் இருந்த பொத்தான் வலது மூலைக்கு வந்தது. இடது கை குச்சியைப் பிடித்தது. வலது உள்ளங்கையின் அடிப்பாகம் பொத்தான்மேல் தானாக உட்கார்ந்தது. குச்சியை அங்கும் இங்கும் சாய்த்து, வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "அப்பா, இத மாத்தாதீங்க. இப்பிடித் திருப்பிப் புடிச்சா எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாய். நான் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தேன். என்னமோ அதை மறுபடி கையில் எடுக்கப் பயமாக இருந்தது, இந்த நிமிஷம் கலைந்துவிடுமோ என்று.

வீட்டில் டிவி இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் பாய் கடைக்குத்தான் போக வேண்டும். நான் உன்னைக் கூப்பிடவில்லை, நீயும் வருகிறேன் என்று சொல்லவில்லை. மழை பிடித்த ஒரு மத்தியானம் நான் செருப்பை மாட்டினேன், நீ சட்டையை மாட்டினாய். கடையில் மணியமும் இன்னும் சில லோரிப் பையன்களும் இருந்தார்கள். உன்னைப் பார்த்ததும் எல்லாரும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பாய்தான், ரொட்டி மாவை வீசிக்கொண்டே, "வா தம்பி, ஒங்கப்பா பண்ண கூத்துக்கு நீயே ஒரு நியாயம் சொல்லு" என்றார். நீ உட்கார்ந்தாய், பிடியைத் திருப்பினாய், மணியம் நல்ல பிடியை எடுத்துக்கொண்டான். முதல் ஆட்டத்தில் தோற்றாய். அடுத்ததிலும் தோற்றாய். அதற்கு அடுத்ததில் அவனை நீ அடித்த அடியில் அந்தப் பயல் குதித்து எழுந்து, "டேய், பீச்சாங்கையால அடிக்கிறான்டா! அந்தப் பிடிய எங்கிட்ட குடு, அதுலதான் ஏதோ இருக்கு" என்று பிடுங்கினான். வலது கையால் குச்சியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவோ ஆட்டிப் பார்த்தான். டிவியில் அவன் வண்டி சுவரிலேயே முட்டிக்கொண்டிருந்தது. "ஒனக்கு ஒத்து வராதுடா. இது இடக்கைப் பிடி" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்பைக் கேட்ட பாய் ரொட்டியைக் கல்லிலேயே கருகவிட்டார்.

கருகாத ரொட்டி ஒன்றைக் குழம்பு ஊற்றி உன் முன்னால் கொண்டுவந்து வைத்தார். நீ கையை இழுத்துக்கொண்டாய். பாய் விடவில்லை. "எந்தக் கையால ஜெயிச்சியோ அந்தக் கையால பிச்சுத் தின்னுய்யா. ரொட்டிக்குக் கண்ணா இருக்கு?" என்றார். நீ சாப்பிட்டாய். ஆனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாய். அன்றைக்கு அதுவே எனக்குத் திருவிழா. மீதியெல்லாம் போகப்போகச் சரியாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீயே பிடிகளைத் திறந்து பழுது பார்த்தாய். என்னைவிடச் சீக்கிரம் பிடிபட்டது உனக்கு. தானா ராத்தாவிலிருந்தெல்லாம் அனுப்பினார்கள். ஈப்போவில் ஒரு ரிப்பேர்க் கடையில் உன்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். இப்போது புதுசு புதுசாகப் பெட்டிகள் வந்துவிட்டன, பழைய குச்சிப் பிடிகளை உன்னிடம்தான் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று மணியம் சொல்கிறான். கேட்கச் சந்தோஷம். ஆனால் நான் நினைத்த மீதி சரியாகவில்லை என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

அன்று நம் மருமகளாக வரப்போகிற செல்வியும் அவள் அப்பாவும் கோலா தெர்லாவிலிருந்து வந்திருந்தார்கள். பெரியவர்கள் மண்டபம், மேளம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் அடுப்பங்கரையில் உன் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், நான் தண்ணீர் குடிக்கப் போனபோது கேட்டாள். "மாமா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? அவரு எம்முன்னால ஒரு நாளும் சாப்புட்டதில்ல. டீ குடிப்பாரு. சாப்பாடுன்னா பசி இல்லம்பாரு. கல்யாணம் கட்டிக்கிட்டப்பறமும் நான் ஒரு ரூம்புல, அவரு ஒரு ரூம்புல தின்னுக்கிட்டு இருக்கணுமா?" வெங்காயம் உரிக்கிறவள் கண்ணில் தண்ணீர் இருந்தால் எதற்கென்று சொல்ல முடியாது. சொம்பை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தம்பி, ஊர் வாய்க்குப் பயந்து நீ பந்தியை நிறுத்தச் சொல்கிறாய் என்றால் அது ஒரு நாள் கூத்து, விட்டுவிடலாம். ரெஜிஸ்தர் ஆபீசோடு முடித்துக்கொள்ளலாம், உன் அம்மாவை நான் சமாளித்துக்கொள்வேன். ஆனால் ஒரு பெண் காலமெல்லாம் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது சின்ன விஷயமில்லை. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிகூட ஒரு சட்டிச் சோற்றில் சமாதானமாகிவிடுவார்கள். நானும் உன் அம்மாவும் அப்படித்தான் இத்தனை வருஷம் ஓட்டினோம். வீடு மாறின புதிதில் அவள் என்னோடு பேசாமலே இருந்தாள். கோழிக்கூட்டைப் பழைய லயத்தில் விட்டுவிட்டு வந்ததற்குக் கோபம் என்று நினைத்து நானும் வீம்பாக இருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். பல் வலி. வாயைத் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். நான் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டிருந்தால் அந்தப் பல் விழுகிற வரைக்கும் எங்கள் சண்டை நீடித்திருக்கும்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு நாலு தெரியாது. செல்வி முகம் மாறினால் திறந்து பார்க்காமல் கெட்டுப்போனது என்று முடிவு கட்டாதே. பாதிக்கு மேல் அழுக்குதான், உனக்கே தெரியும். ஆனால் புளி போட்டுத் துலக்காதே. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனால் அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், அடுத்த வாரம் பச்சை பூக்கும். நேராகக் கேள். அவளும் நேராகக் கேட்கிற பெண்தான், என்னிடம் கேட்டாளே.

கோயிலில் தாலி கட்டுவதைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். முதல் முடிச்சுக்கு உன் இடது கையும் வலது கையின் இரண்டு விரல்களும் போதும். திருகாணியை அந்த இரண்டு விரலால் பிடித்துத் திருகுகிறவன்தானே நீ. மற்ற இரண்டு முடிச்சும் உன் தங்கச்சி போட வேண்டியவை. அவள் இப்போதே பழகிக்கொண்டிருக்கிறாள், வீட்டில் எந்தக் கயிற்றையும் அவிழ்க்க முடியவில்லை.

பந்திக்கு நான் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். வாழை இலையின் நுனியை ஏன் இடப்பக்கம் போடுகிறோம்? அகலமான பக்கம் வலது கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று. இது சாமி சொன்னதா என்ன? வலக்கைக்காரன் ஒருவன் தன் வாசலில் நின்று மாட்டி வைத்தது, அவ்வளவுதான். உன் பெரியப்பா சும்மா இருக்க மாட்டார். "என்னடா, மாப்ள எலய மாத்திப் போட்டிருக்க?" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பார். கேட்கட்டும். "வீடு திரும்பியிருக்குண்ணே, அதுக்குத் தகுந்தாப்புல போட்டிருக்கேன்" என்பேன். அவருக்குப் புரியாது. புரியாவிட்டாலும் பாயசம் வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வார். செல்வி எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதைக் கோயிலில் பூசாரி சொல்லட்டும். பந்தியில் நான் சொல்கிறேன். உனக்கு வலப்பக்கம். அவள் வலது கையால் சாப்பிடுவாள், நீ இடது கையால் சாப்பிடுவாய், முழங்கையும் முழங்கையும் இடிக்காது.

வேறு யாரையும் உன் இலையைத் தொட விட மாட்டேன். தண்ணீர் தெளித்து, துடைத்து, நுனி வலப்பக்கம் இருக்கும்படி நானே போடுவேன். சோற்றையும் நானே வைப்பேன். அந்தப் பெண் உன் முகத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து சாப்பிடு, ஐயா.

உன் அப்பா